மங்கி குல்லாவுக்குள் ரிசீவர்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கண்ணுகளுக்கு,

போன மாதம் உங்கள் அலுவலக விழாவுக்கு என்னைக் கூப்பிட்டு, சால்வை போர்த்தி, கையில் ஒரு சின்னப் பெட்டியும் கொடுத்து அனுப்பினீர்கள். சால்வை எதிர்பார்த்ததுதான். ரிட்டயர் ஆன ஆட்களுக்குச் சால்வைக்குப் பஞ்சமே கிடையாது. பெட்டிதான் எதிர்பாராதது. வீட்டுக்கு வந்து பிரித்தால் ஒயரே இல்லாத ஹெட்செட். காதில் மாட்டிக்கொண்டால் போன் எங்கேயோ கிடக்க, நாம் எங்கேயோ நின்று பேசலாமாம். "நீங்களும் ஹெட்செட் போட்டு வேலை பார்த்தவங்கதானேம்மா, அதான் வாங்கினோம்" என்றாள் உங்களில் ஒருத்தி. நல்ல மனசு.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே கூத்து. அடுப்படியில் அதை மாட்டிக்கொண்டு தங்கையிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால், கூடத்திலிருந்து என் வீட்டுக்காரர் "இன்னும் இல்லை" என்கிறார். "உனக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா?" என்று அவளைத் திட்டினால் அதற்கும் இவர்தான் முறைத்துக்கொண்டு வந்து நிற்கிறார். இப்போது நான் வாயைத் திறந்தாலே முதலில் என் காதைப் பார்க்கிறார். காது காலியாக இருந்தால்தான் பதில் சொல்கிறார்.

உங்கள் அலுவலக மலருக்கு ஏதாவது அனுபவம் எழுதித் தரச் சொன்னீர்கள். ஏற்காடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டராக உட்கார்ந்திருந்த காலத்தில் எப்படி லைன் கொடுத்தோம், எத்தனை ஒயர், எத்தனை ஓட்டை என்றெல்லாம் எழுதினால் இரண்டாவது பத்தியிலேயே உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும். எனக்கே வரும். அதனால் ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். அதில் ஹெட்செட் இருக்கிறது, ஒரு மங்கி குல்லா இருக்கிறது, ஒரு மாடும் இருக்கிறது.

முதலில் என் ஹெட்செட்டைப் பற்றி நாலு வார்த்தை. தலைக்கு மேல் ஒரு இரும்புப் பட்டை, ஒரு காதில் கறுப்பு வட்டு, நெஞ்சுக்கு முன்னால் பேசுவதற்கு ஒரு சின்னக் குழல். எட்டு மணி நேரம் மாட்டியிருந்தால் தலைமுடியில் பள்ளமே விழுந்துவிடும். கல்யாண வீடுகளில் பூ வைத்துக்கொண்டு போனால் அந்தப் பள்ளத்தை வைத்தே எங்களைக் கண்டுபிடித்து, "எக்ஸ்சேஞ்சு அக்காங்களா?" என்பார்கள். ஆனால் கை இரண்டும் சும்மா இருக்கும். அதுதான் அதன் அருமை. ஒரு கை ஒயரைச் செருகும், ஒரு கை எழுதும், காதும் வாயும் அதுபாட்டுக்கு வேலையைப் பார்க்கும். லைன்மேனைத் தாஜா செய்து என் ஹெட்செட் ஒயரை நீளமாக மாற்றி வாங்கியிருந்தேன். அதை மாட்டிக்கொண்டே ஜன்னல் வரை நடக்கலாம். ஜன்னலில் நின்றால் பஸ் நிற்கும் ஒண்டிக்கடை முக்கு தெரியும். எந்த பஸ்ஸில் யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்பதெல்லாம் தெரியும். அதனால் "டாக்டர் இருக்காருங்களா?" என்று யாராவது லைன் கேட்டால், "இப்பத்தானுங்க பஸ் ஏறினாரு, சாயந்திரமா கேளுங்க" என்று நானே சொல்லிவிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சூப்பர்வைசர் பலமுறை சொல்லியிருக்கிறார். நம்பர் கேட்டால் நம்பர் மட்டும் கொடு, ஊர்க்கதை கொடுக்காதே என்பார். தலையாட்டுவேன், அடுத்த போனிலேயே மறந்துவிடுவேன்.

அது எண்பதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி. இரண்டு நாளாக விடாத மழை. மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளில் பாறை சரிந்து, சேலத்து பஸ் முந்தின நாள் மாலையே நின்றுபோயிருந்தது. ஏற்காட்டில் இருந்தவர்கள் மேலேயே, சேலம் போனவர்கள் கீழேயே. எனக்கு முன்னால் நிற்கும் சுவிட்ச் பலகையில் ஒவ்வொரு நம்பருக்கும் ஒயர் செருக ஓர் ஓட்டையும் ஒரு சின்னத் தகடும் இருக்கும். யாராவது கூப்பிட்டால் படக்கென்று விழும். அன்று காலை முழுக்க தகடுகள் விழுந்துகொண்டே இருந்தன. எல்லாருக்கும் ஒரே கேள்விதான், பஸ் எப்போது விடுவார்கள் என்று.

அதில் ஒன்று வாழவந்திப் பக்கத்து எஸ்டேட் ஆபீஸ். பேசியது அந்த எஸ்டேட் ரைட்டர். கணக்கு வழக்கு, ஆள் பற்று, சாவிக்கொத்து எல்லாம் அவர் பொறுப்பு. நல்ல மனிதர், ரொம்பப் பதவிசு. வருஷம் முழுக்க தலையில் பழுப்பு நிறத்தில் மங்கி குல்லா போட்டிருப்பார். சித்திரை வெயிலிலும் கழற்ற மாட்டார். அதற்குள் முடி இருக்கிறதா இல்லையா என்று ஊரில் இரண்டு கட்சி இருந்தது.

"அம்மா, மாட்டாஸ்பத்திரி குடுங்க. கொஞ்சம் சீக்கிரமுங்க" என்றார்.

மாட்டு டாக்டர் அங்கே இல்லை என்பது எனக்குத் தெரியும். முந்தின நாள் காலை குடையும் பைலுமாக அவர் சேலத்தில் இரண்டு நாள் மீட்டிங்குக்கு பஸ் ஏறியதை நான்தான் ஜன்னலில் பார்த்தேனே. என்ன விஷயம் என்று கேட்டேன். கேட்கக்கூடாதுதான், கேட்டேன்.

எஸ்டேட்டுக்கு அடுத்த காட்டுக்காரி குப்பாயி. ராகியும் கொஞ்சம் காப்பியும் போட்டிருந்தாள். புருஷன் லாரியில் வடக்கே போயிருந்தான். வீட்டில் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள். அந்தக் குடும்பம் அன்றாடம் ஓடியது செவலை என்ற ஒரே பசுவின் பாலில். அந்தச் செவலைக்கு விடியற்காலையில் வலி எடுத்திருக்கிறது. கன்றின் மூக்கு தெரிகிறது, ஒரு முன்னங்கால் வந்துவிட்டது. இன்னொரு காலைக் காணோம். உள்ளே மடங்கிக் கிடக்கிறது. ஊரில் மாட்டுப் பிரசவம் பார்க்கிற ஆளும் சந்தைக்குப் போய்க் கீழே மாட்டிக்கொண்டார். இப்படியே விட்டால் பொழுது சாய்வதற்குள் தாயும் இருக்காது, கன்றும் இருக்காது.

உடனே வெளியூர் லைன் கொடுக்கிற சேலம் டிரங்க் ஆபரேட்டரைப் பிடித்தேன். அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனால் குரலை வைத்தே அவளுக்குச் சளியா சந்தோஷமா என்று சொல்லிவிடுவேன். விஷயத்தைச் சொன்னதும் எங்கெங்கோ போட்டு, மீட்டிங்கிலிருந்து டாக்டரை எழுப்பிக் கொண்டுவந்துவிட்டாள்.

டாக்டர் சின்ன வயசு. மலைக்கு மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. மாட்டுக்குப் பக்கத்தில் போனைக் கொண்டுபோங்க என்றார். போன் சுவரில் அடித்து வைத்திருக்கிறது, மாடு குப்பாயி வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது என்றார் ரைட்டர். டாக்டர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அப்ப மாட்டைப் போன்கிட்ட கொண்டு வாங்க."

"வராந்தா மேலயாங்க?" என்று ரைட்டர் இழுத்தார். எனக்கு அவர் தயக்கம் புரிந்தது. அந்த ஆபீஸ் வராந்தாவுக்கு அப்போதுதான் சிவப்புச் சிமெண்ட் பூசிப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார்கள். முதலாளி மெட்ராஸில் இருந்தாலும், அதில் செருப்போடு யார் ஏறினார்கள் என்று போனிலேயே விசாரிப்பவர். ரைட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆகட்டுமுங்க, மொதலாளிகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார். அந்த மனிதர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் போகவில்லை.

மாட்டை மெல்ல நடத்திக் கொண்டுவந்து வராந்தாவில் ஏற்றி, பின்பக்கம் ஆபீஸ் ஜன்னலைப் பார்த்து இருக்கும்படி நிறுத்தினார்கள். போன் உள்ளே சுவரில். ரிசீவரை மட்டும் ஜன்னல் கம்பி வழியாக வெளியே எடுத்தால் ஒயர் மாட்டின் வால்வரைக்கும் எட்டியது. குப்பாயி கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முழங்கைக்கு மேல்வரை எண்ணெய் தடவிக்கொண்டு நின்றாள். ஆண் கையைவிடப் பெண் கைதான் உள்ளே விடச் சரி என்றார் டாக்டர்.

லைன் கொடுத்ததும் ஆபரேட்டர் விலகிவிட வேண்டும். அதுதான் சட்டம். ஆனால் மழை நாளில் டிரங்க் லைன் அறுந்து அறுந்து வரும். கூடவே இருந்து பிடித்து வைத்தால்தான் நிற்கும். தவிர, டாக்டர் குரல் குப்பாயிக்குக் கேட்டது. குப்பாயி குரல் என்வரைக்கும் வந்தது, சேலம் போய்ச் சேரவில்லை. அவள் சொல்வதை நான் வாங்கி டாக்டருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் நானும் லைனில் இருந்தேன்.

முதல் சிக்கல் ரிசீவரை யார் பிடிப்பது என்பது. குப்பாயியின் ஒரு கை மாட்டுக்குள், இன்னொரு கை கன்றின் காலில். ரைட்டர்தான் ரிசீவரை அவள் காதில் வைத்துப் பிடித்தார். ஆனால் அவருக்கு இரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, கையை மட்டும் இந்தப் பக்கம் நீட்டியிருந்தாராம். மாடு நகர, குப்பாயி நகர, ரிசீவர் அவள் கன்னத்துக்கும் கழுத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் டாக்டர் ரொம்பப் பொறுமையாக மாட்டின் இடுப்பிடம் பேசிக்கொண்டிருந்தார். மாட்டு வயிறு இரைவது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

என் தலையில் இருந்த இரும்புப் பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அப்போதுதான் தோன்றியது.

"ரைட்டர், உங்க குல்லாவைக் கழட்டி அந்தம்மாவுக்கு மாட்டி விடுங்க. ரிசீவரை உள்ள சொருகுங்க."

"குல்லாவையா?" என்றார். முதலாளியின் வராந்தாவைக் கொடுத்தபோது எடுத்ததைவிட இதற்குத்தான் அதிக நேரம் எடுத்தார். பிறகு, "தங்கச்சி, தலையைக் குனி" என்பது கேட்டது. சரசரவென்று கம்பளிச் சத்தம். குல்லா அவள் தலையில் ஏறியது. ரிசீவர் காதோடும் வாயோடும் ஒட்டி உள்ளே உட்கார்ந்தது. ஒயர் கழுத்து வழியாக வெளியே வந்தது. நீங்கள் இப்போது ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்கிறீர்களே, எங்கள் மலையில் அதை முதலில் போட்டவள் குப்பாயி. குல்லாவுக்குள் ரைட்டருக்கு நல்ல அடர்த்தியான முடி இருந்ததாம். வேடிக்கை பார்க்க வந்த காப்பித் தோட்டத்துப் பெண்கள் சொல்லித்தான் ஊருக்கே தெரிந்தது. வேண்டுதலாக வளர்க்கிறாராம், ஊரார் கேலி செய்வார்கள் என்று மறைத்திருக்கிறார்.

இனி எல்லாம் சுலபம் என்று நினைத்தேன். இங்கேதான் கண்ணுகளா, கவனித்துக் கேளுங்கள்.

டாக்டர் சொன்னது அத்தனையும் சரி. வலி வரும்போது தள்ளாதீங்க, வலி விட்டதும் கன்றை மெல்ல உள்ளே தள்ளுங்க, கைக்கு இடம் கிடைக்கும். குளம்பை உள்ளங்கையில் மூடிப் பிடிங்க, இல்லாவிட்டால் கர்ப்பப்பையைக் கிழித்துவிடும். பிறகு முன்னால் கொண்டுவாங்க. சரியான வார்த்தைகள். ஆனால் கண்ணால் பார்க்க முடியாத பதற்றத்தில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கால் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்றார், தலை திரும்பிக்கொண்டால் என்ன செய்வது என்றார், இன்னும் வராத கஷ்டங்களுக்கெல்லாம் வழி சொன்னார். அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் நான் புகுந்து, "பயப்படாதீங்க, தைரியமா இருங்க" என்றேன். என் வாயைப் பற்றித்தான் சொன்னேனே. வெளியே கண்ணை மூடிக்கொண்டே ரைட்டர் வேறு, "இழு தங்கச்சி, இழு" என்று கத்தினார்.

நடுவில் குப்பாயி, "ஏனுங்க, ஒரு நிமிசம்" என்றாள். நான் டாக்டரிடம் சொன்னேன். அவர் பேச்சில் அது மூழ்கிவிட்டது. மறுபடியும் "ஏனுங்க" என்றாள், இன்னும் சன்னமாக. அதற்குப் பிறகு குரலே இல்லை. பதிலுக்கு என் காதில் ஒரு சத்தம். கம்பளி உரசும் சத்தம். விட்டு விட்டு, வேகமாக.

என்ன அது என்று எனக்குச் சட்டென்று புரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது. அவள் தலையை உதறுகிறாள். கை இரண்டும் மாட்டிடம் மாட்டியிருக்க, காதில் இருக்கும் எங்களைக் கீழே தள்ளப் பார்க்கிறாள்.

ரிசீவரைக் கையில் பிடித்திருப்பவருக்கு ஒரு சுதந்திரம் இருக்கிறது. நாம் அதிகம் பேசினால் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பார், காது மாற்றுவார், மேஜையில் வைத்துவிட்டு ஒரு வாய் காப்பி குடிப்பார். குல்லாவுக்குள் போனைக் கட்டியவள் எதைச் செய்வாள்? குல்லா யோசனை சொன்னவளே நான்தான். அவள் தலைக்குள் இரண்டு பேரைக் கொண்டுபோய் உட்கார வைத்தவளும் நான்தான்.

டாக்டர் பக்கத்து ஒயரைப் பலகையிலிருந்து பிடுங்கினேன்.

"குப்பாயி, டாக்டரை நிறுத்தி வெச்சிருக்கேன். நீங்க கேட்டா அடுத்த நொடி வருவாரு. நான் இங்கியேதான் இருக்கேன். இனி பேச மாட்டேன்."

கம்பளி உரசல் நின்றது. பிறகு அவள் ரைட்டரிடம், "அண்ணா, சித்த சும்மா இருங்க" என்றாள். ரைட்டர் சத்தமும் நின்றது.

எனக்கு அப்போது எப்படி இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். பயந்தேன். பிரசவத்துக்கு நடுவில் டாக்டரின் லைனைப் பிடுங்கிய ஆபரேட்டர் நான். மாடு செத்தால் மழையைச் சொல்ல மாட்டார்கள், மலையைச் சொல்ல மாட்டார்கள், என்னைத்தான் சொல்வார்கள். சொன்னாலும் நியாயம்தான். வேலை போவதைவிட, அந்த இரண்டு பிள்ளைகளின் வயிறு என் கண்முன் நின்றது. பிடுங்கிய ஒயரின் முனையை இடது கையில் பிடித்து, ஓட்டைக்கு ஒரு விரல் தூரத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். பலகையில் தகடு மேல் தகடாக விழுந்தது. ஒன்றை எடுத்துப் பேசலாம் என்றால் அதற்கு என் காதை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். இங்கேயேதான் இருப்பேன் என்று சொல்லியாகிவிட்டது. விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

காதில் மழைச் சத்தம். மாட்டின் மூச்சு. அதற்குள் குப்பாயியின் மூச்சு. மாடு முக்கும்போது அவள் மூச்சு நிற்கும், மாடு விட்டதும் அவளும் விடுவாள். சிறிது நேரத்தில் இரண்டும் ஒன்றாகப் போகத் தொடங்கின. "அம்மா செவலை, கொஞ்சம் பொறுத்துக்க சாமி" என்று மாட்டிடம் பேசினாள். எங்கள் யாரிடமும் பேசவில்லை. டாக்டர் சொன்ன ஒவ்வொன்றையும் அவள் மறக்காமல் செய்துகொண்டிருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது. அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் அதைச் செய்வதற்குக் கொஞ்சம் அமைதி.

பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டுக்காரரைக் கேளுங்கள். நாக்கைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

திடீரென்று மாடு பெரிதாக ஒரு முக்கு முக்கியது. தொப்பென்று சத்தம். வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டார்கள்.

"வந்துருச்சுங்க" என்றாள் குப்பாயி. உடனே குரல் மாறியது. "மூச்சு இல்லீங்களே. டாக்டரைக் கூப்புடுங்க."

அவள் சொல்லி முடிப்பதற்குள் ஒயரைச் செருகிவிட்டேன். சேலத்துக்காரி கெட்டிக்காரி. நான் பிடுங்கியதும் அந்தப் பக்கம் டாக்டரைப் போக விடாமல் பிடித்து வைத்திருந்தாள். "கன்னு வந்துடுச்சு டாக்டர், மூச்சில்லை" என்றேன்.

இந்த முறை அவர் அளந்து பேசினார். "மூக்கு வாய் தொடைங்க." நிறுத்தினார். "வைக்கோல் இருக்கா? மூக்குக்குள்ள விட்டுக் குடைங்க." நிறுத்தினார். "சாக்கால நெஞ்சைத் தேய்ங்க." அவ்வளவுதான். பிறகு அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சாக்குத் தேய்க்கிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. அதற்குப் பிறகு, குல்லாவுக்குள் இருந்த ரிசீவர் வழியாக, சேலம்வரைக்கும் எட்டி, எங்கள் எல்லார் காதிலும் அறைகிற மாதிரி ஒரு தும்மல்.

கன்றுக்குட்டித் தும்மல். நான் சிரித்தேன், டாக்டர் சிரித்தார். மூன்றாவதாக லைனில் இன்னொரு சிரிப்பும் கேட்டது. சேலத்துக்காரி. லைனைக் கொடுத்துவிட்டு விலகியிருக்க வேண்டியவள், ஆரம்பத்திலிருந்து கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். சிரித்து மாட்டிக்கொண்டதும் படபடவென்று குரலை மாற்றி, ஆபரேட்டர் பாவனையில், "பேசி முடிச்சாச்சுங்களா?" என்றாள்.

விழுந்து கிடந்த தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. லைனில் கேட்டது லைனோடு போக வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் என் வாயும் சட்டத்துக்குக் கட்டுப்படும். கடைசியாக வந்தது மெட்ராஸிலிருந்து எஸ்டேட் முதலாளி. காலையிலிருந்து தன் ஆபீஸ் லைனில் அப்படி யார் பேசுகிறார்கள் என்று காய்ந்தார். ரைட்டரிடமே கேளுங்கள் சார் என்று லைனைக் கொடுத்தேன். "ஒரு கன்னுக்குட்டிங்க மொதலாளி" என்று ரைட்டர் தொடங்கினார். பின்னால் கன்று கத்தியது. அதோடு நான் லைனை விட்டு விலகிவிட்டேன். என் பணிக்காலத்திலேயே நான் மிகவும் கஷ்டப்பட்டு விலகிய லைன் அதுதான். ஆனால் இரண்டு வாரம் கழித்து ஒண்டிக்கடையில் ரைட்டரைப் பார்த்தபோது தலையில் புத்தம்புதுக் குல்லா இருந்தது. முதலாளி மெட்ராஸிலிருந்து வாங்கி அனுப்பியதாம். அதனால் பேச்சு நல்லபடியாகத்தான் முடிந்திருக்க வேண்டும்.

பாதை திறந்து டாக்டர் மலைக்கு வந்ததும் நேராக எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார். நல்ல சமயத்தில் லைன் கோளாறு ஆகிவிட்டதே என்றார். சேலத்துக்காரி அப்படித்தான் சொல்லி அவரைப் பிடித்து வைத்திருக்கிறாள். கோளாறு இல்லை டாக்டர், நான்தான் பிடுங்கினேன் என்றேன். ஏன் என்றார். கம்பளிச் சத்தத்தைச் சொன்னேன்.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அவ்வளவு பேசினேனா?" என்றார்.

"நொம்ப" என்றேன். "நானுந்தானுங்க."

கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன். கோபிக்கவில்லை. ஆனால் அதன்பிறகு கொட்டச்சேடு கிராமத்திலிருந்தோ வேறு எங்கிருந்தோ யார் போனில் கூப்பிட்டாலும், மாட்டுக்கு என்ன என்று கேட்பதற்கு முன்னால் அவர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "உங்க கை சும்மா இருக்குதுங்களா?" இருக்கிறது என்றால் விலாவாரியாகச் சொல்வார். இல்லை என்றால் ஒரு வேலை சொல்லி, அது முடியும்வரை காத்திருப்பார்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். உங்கள் காதில் ஒயர் இல்லை, உங்களைக் கூப்பிடுபவர் காதிலும் இப்போது ஒயர் இல்லை. அவர் பைக்கை ஓரம் கட்டிக்கொண்டிருக்கலாம், குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கலாம், எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கலாம். உங்களுக்குப் பயிற்சியில் மனப்பாடம் செய்து கொடுத்ததையெல்லாம் அவர் காதில் கொட்டாதீர்கள். கை சும்மா இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்று சொல்லுங்கள், அது முடியட்டும். நடுவில் பேச்சை நிறுத்துவதாக இருந்தால், இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். சொல்லாமல் நிறுத்தினால் அவருக்கு லைன் செத்ததாகத்தான் தோன்றும். உங்கள் கருவியில் மியூட் என்று ஒரு பொத்தான் பார்த்தேன். பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் வாடிக்கையாளரைத் திட்டுவதற்காக அதை வைத்திருக்கிறார்கள் என்று உங்களில் பலர் நினைப்பதாகக் கேள்வி.

கன்று பிறந்த மூன்றாவது நாளே குப்பாயி எக்ஸ்சேஞ்சுக்கு வந்திருந்தாள். மூடி போட்ட தூக்குப் போசியில் சீம்பால் காய்ச்சிக் கொண்டுவந்திருந்தாள். வெல்லமும் ஏலக்காயும் போட்டது. அவள் முகத்தை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். குரலை வைத்துப் பெரிய உருவமாக நினைத்திருந்தேன், சின்னஞ்சிறு பெண். எஸ்டேட் ஆபீசிலிருந்து இங்கே எத்தனை தூரம் என்று பஸ்ஸில் வரும்போதுதான் அவளுக்கே தெரிந்ததாம். என் பலகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஹெட்செட்டைக் கழற்றி அவள் தலையில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு கழற்றி, பத்திரமாக என் கையில் கொடுத்தாள்.

"இத்தனை தொலைவுலயாங்க இருந்தீங்க?" என்றாள். "டாக்டரு பேச்சு நின்னப்புறம், யாரோ எம் பக்கத்துல மண்டி போட்டு ஒக்காந்துக்கிட்டாங்கன்னு நெனச்சனுங்க. கன்னு வந்ததும் மொதல்ல திரும்பி அவங்களத்தான் தேடுனேன்."

போசியைத் திறந்து இருவருமாகச் சீம்பால் சாப்பிட்டோம். பலகையில் ஒரு தகடு விழுந்தது. ஒரு வாய் முழுங்கிவிட்டுத்தான் எடுத்தேன்.